ஒட்டுப் போட்ட முகம்

கட்டரைக் கண்ணாடியிலிருந்து எடுத்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

படங்களுக்குப் பிரேம் போடும் தன் கடையில் தெங்ஹாய் கையைத் தூக்கியபடியே நின்றார். முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். கடுகளவு எஃகுச் சக்கரம் மண்ணெண்ணெயில் நனைந்து கண்ணாடி மேல் உருளும்போது, பட்டுத்துணியை நீளவாக்கில் கிழிப்பதுபோல ஒரே சீராக வரும். சக்கரம் ஓரத்தைத் தொட்டதும் டக்கென்று முடிந்துவிடும். இப்போது சக்கரம் அவர் கையில், காற்றில் இருந்தது. சத்தம் மட்டும் கடைக்குள் எங்கேயோ இன்னும் கொஞ்ச தூரம் போய், தயங்கி, நின்றது.

வெளியே மழை. தைவான் துறைமுக ஊரான கீலுங்கில் குளிர்காலத்தில் மழை பெய்கிறது என்று யாரும் பேசுவதில்லை, விட்டால்தான் பேசுவார்கள். தகரக் கூரையில் தண்ணீர் வழிகிற சத்தத்தைத்தான் காது மாற்றிக் கேட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். கீறிய கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி, கட்டரின் பிடியால் அடியில் இரண்டு தட்டுத் தட்டி, லேசாக அமுக்கினார். சுத்தமாக இரண்டாகப் பிரிந்தது. பிரேமுக்கு வேண்டிய பாதியை எடுத்து வைத்துவிட்டு மிச்சப் பாதியை வெளிச்சத்தில் பிடித்தபோது, அவர் கீறாத ஒரு கோடு அதில் இருந்தது.

சாய்வான கோடு. ஒரு விரல் நீளம். தொழில் தெரியாத கை கீறியதுபோல ஓரிடத்தில் ஆழமாக, ஓரிடத்தில் பட்டும் படாமல்.

அந்த நீளமும் சாய்வும் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் மீன் சந்தையிலிருந்து பெக்ஹா வந்திருந்தாள். அம்மா செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆ-சியோ அம்மாவை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. நாற்பது வருடம் சந்தை முனையில் மீன் உருண்டை உருட்டி விற்றவள். புகைப்படக் கருவியைக் கண்டால் கையிலிருக்கும் கூடையால் முகத்தை மூடிக்கொள்வாள் என்று சந்தையே கேலி செய்யும். மகள் கல்யாணத்தன்று அவள் அறியாமல் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதைத்தான் ஸ்டூடியோக்காரன் கிம்சுவான் பெரிதாக்கிக் கொடுத்திருந்தான்.

"பத்திரம் அண்ணே," என்று பெக்ஹா சொன்னாள். "பிலிம் காணாமப் போச்சாம். அம்மா மூஞ்சின்னு எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். கவலைப்படாம போம்மா," என்றார் தெங்ஹாய்.

படத்தின் மேல் வைத்துக் கண்ணாடி வெட்டக்கூடாது. தொழிலுக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொள்கிற சங்கதி. படத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கம்பளி விரித்த மேசையில் கண்ணாடியைத் தனியாகப் போட்டுத்தான் வெட்டவேண்டும். அன்று மேசையின் மறுபாதியில் அவருடைய மதியச் சாப்பாடு இருந்தது. கிண்ணத்தை நகர்த்த வேண்டும், சூப்பு தளும்பும், பிறகு துடைக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். படத்தின் மேலேயே கண்ணாடியைப் போட்டு, அளவு பார்த்து, ஒரே இழுப்பாக இழுத்தார். ஓரத்தில் பல்லுப் பல்லாக நின்றதைக் குறடால் கடித்து எடுத்தார். தெறித்த சில்லைப் பார்க்காமல், பழக்கதோஷத்தில், கண்ணாடியை எடுத்துவிட்டு உள்ளங்கையால் படத்தைத் துடைத்துவிட்டார்.

கைக்கு அடியில் ஏதோ இழுபட்டது. கையில் காயமில்லை. ஆ-சியோ அம்மாவின் இடது காதடியிலிருந்து வாயோரம் வரை தாள் வாய்பிளந்து கிடந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினார். பிறகு கழற்றினார். பின்பக்கம் மெல்லிய தாளை ஒட்டி, முன்பக்கம் மையும் கரிப்பொடியும் குழைத்து நுனித்தூரிகையால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மூடினார். வாயோரத்தில் கிழிசல் பிசிறாக இருந்தது. அதை மறைக்க உதட்டுக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கமாகக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் வைக்கும் அட்டை விளிம்பை வைக்கவில்லை. கண்ணாடி முகத்தை அழுத்திப் பிடித்தால்தான் ஒட்டு எழும்பித் தெரியாது.

சாயங்காலம் வந்த பெக்ஹா படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா சிரிக்கற மாதிரி இருக்கு," என்றாள். "இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்ல பாருங்க. நல்லா பண்ணியிருக்கீங்கண்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த கணவாய் ஒரு பொட்டலம் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை. எறியவும் இல்லை. அலமாரியின் மேல் இருந்து கடை முழுக்க நாறிக்கொண்டிருந்தது.

கோடு விழுந்த கண்ணாடியை அவர் பார்த்த மறுநாள் பெக்ஹாவே கடைக்கு வந்தாள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அம்மா போய் நாளைக்கு அஞ்சாவது ஏழாம்நாள் சடங்கு. மகள் செய்யவேண்டிய முறை. ஒரு நடை வர்றீங்களா? அம்மா என்னமோ சங்கடப்படறா. ஒவ்வொரு ஏழாம்நாளும் மரத்துண்டு போட்டு அம்மாகிட்ட குறி கேக்கறோம். வேணாம், வேணாம்னே விழுது."

"நான் வந்து என்னம்மா செய்யப்போறேன்?"

"தெரியல. மாமாதான் கூட்டியாரச் சொன்னாரு."

மறுநாள் காலை அந்த வீட்டு முன்னறையில் ஊதுபத்திப் புகையும் நனைந்த துணி வாடையும் வேகவைத்த மீன் வாடையும் ஒன்றாகக் கிடந்தன. பூசை மேசையில் சோறு, ஆரஞ்சுப் பழம், ஒரு கிண்ணம் மீன் உருண்டை. நடுவில் படம். தெங்ஹாய் அதை நேராகப் பார்க்காமல் அதன் பிரேமை மட்டும் பார்த்தார். ஆ-சியோ அம்மாவின் தம்பி, எழுபது வயதுக் கிழவர், தரையில் மண்டியிட்டிருந்தார். தாய்வீட்டு ஆள் என்பதால் அந்த வீட்டில் இப்போது அவர் பேச்சுத்தான் பேச்சு. பிறைபோல வெட்டிய இரண்டு மரத்துண்டுகளை இரண்டு கைக்குள்ளும் வைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"உசிரோட இருந்தப்பவும் எங்கக்கா ஒரே தடவையில எதுக்கும் சரின்னது கிடையாதுப்பா," என்று தெங்ஹாயிடம் சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்துக் கேட்டார். "சாப்பாடு சரியில்லையாக்கா?"

துண்டுகள் தரையில் விழுந்தன. இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. இல்லை.

"போட்டு அனுப்புன துணி பிடிக்கலையா?"

இல்லை.

"நம்ம புள்ள மேல கோவமா?"

இல்லை. பெக்ஹா மூச்சு விட்டாள்.

கிழவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "படமா?"

ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. ஆமாம்.

கிழவர் திரும்பவும் போட்டார். ஆமாம். மூன்றாவது முறையும் ஆமாம். எல்லோரும் தெங்ஹாயைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. வைத்தியரைப் பார்ப்பதுபோல நம்பிக்கையோடு பார்த்தார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"என்னண்ணே கோளாறு?" என்று பெக்ஹா கேட்டாள்.

அவர் எழுந்து படத்தருகே போனார். ஒன்றரை முழ தூரத்தில் ஒட்டு தெரியவில்லை. நல்ல வேலை என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். உதட்டோரம் அவர் ஏற்றிய இடத்தைவிட இன்னும் கொஞ்சம் மேலே இருந்தது. ஈரத்தில் மை படர்ந்திருக்கும்.

"படம்…" என்றார். "படம் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சும்மா. பெரிசாக்கும்போது ஸ்டூடியோல ஏதோ கெட்டுப்போயிருக்கு. தாள் மடங்கிக் கிழிஞ்சு… நான்தான் ஒட்டிச் சரி பண்ணேன். உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான் நான் சொல்லல."

அதைச் சொன்னபோது தன் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்பதை அன்று முழுக்க அவரால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் கிம்சுவான் கடைக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு. தொப்பியைக் கழற்றி வயிற்றோடு பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றான். முதல் நாள் பெக்ஹா ஸ்டூடியோ வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினாள் என்று தெங்ஹாய் கேள்விப்பட்டிருந்தார்.

"உள்ள வா," என்றார்.

"வேணாண்ணே, சொட்டச் சொட்ட இருக்கேன்." தொப்பியின் விளிம்பைத் திருகினான். "எங்க தப்புப் பண்ணேன்னே புரியலண்ணே. நல்லாப் பாத்துத்தான் கொடுத்தேன். ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். பிலிமும் இல்ல. செத்தவங்க மூஞ்சிய நான் கெடுத்துட்டேன்."

தெங்ஹாய் எதிரே இருந்த பிரேமின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அதுகூடப் பரவாயில்ல," என்றான் கிம்சுவான். "என் தப்ப மறைக்கப் போய் நீங்க கஷ்டப்பட்டுச் சரி பண்ணியிருக்கீங்க. வெளிய ஒரு வார்த்தை விடல. என்னால உங்க பேரும் கெட்டுடுச்சு. மன்னிச்சுக்கங்கண்ணே." இடுப்பு மடிய மூன்று தடவை குனிந்தான். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழப் பையை வாசற்படியில் வைத்தான்.

"சரி, போ," என்றார் தெங்ஹாய். அது ஒன்றுதான் வாயில் வந்தது. அவன் மழையில் இறங்கிப் போவதைப் பார்த்தார். காது மடல் இரண்டும் தீயாக எரிந்தன. கூப்பிடு, இப்போது கூப்பிட்டால்கூடப் போதும் என்று உள்ளே ஒரு குரல். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் கடை இருட்டியிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு மேசைக்கு வந்தார். வேலை எதுவும் ஓடவில்லை. சுவரோரம் மரச்சட்டத்தில் பெரிய கண்ணாடிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. மொத்தம் பதினெட்டு. நடுவில் ஒரு தாள் கனம் இடைவெளிகூடக் கிடையாது. காய்ந்த கணவாயின் நாற்றம், மண்ணெண்ணெய், ஈரச்சுவர். கூரையில் தண்ணீர். அந்தச் சத்தங்களுக்கு எல்லாம் அடியில், பட்டுத்துணி கிழிவதுபோல, சன்னமாக.

அவர் கட்டரைத் தொடக்கூட இல்லை.

சத்தம் கண்ணாடிகளுக்கு நடுவிலிருந்து வந்தது. கை நுழையாத இடத்திலிருந்து. ஒரு விரல் நீளம் ஓடி, நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்து, மறுபடி.

நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. முதல் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சாய்வான கோடு, நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. அடுத்ததை எடுத்தார். அதே இடம், அதே சாய்வு, நடுக்கம் குறைவு. ஐந்தாவது. ஏழாவது. பத்தாவதில் கோடு நேராக ஓடியது. பதினாலாவதில் அழுத்தம் ஒரே சீர், ஆரம்பமும் முடிவும் சுத்தம். முப்பது வருடம் செய்தவரின் கைபோல.

கற்றுக்கொண்டிருக்கிறது.

கடைசிக் கண்ணாடி சுவரை ஒட்டி நின்றது. கீறல் அதன் பின்பக்கம் இருந்தது. சுவர்ப்பக்கம்.

கீறியபின் தட்டவேண்டும். தட்டினால்தான் பிரியும். அது அவருக்குத் தெரியும்.

மேசைக்கு அடியில் டொக்.

அவர் குனியவில்லை.

டொக்.

இடது காதடியிலிருந்து வாயோரம் வரை சில்லென்று ஏதோ ஓடியது. தொட்டுப் பார்த்தார். ஈரமில்லை. ரத்தமில்லை. தோல்தான். அடுத்த தட்டுக்காகத் தோல் காத்திருந்தது.

அவர் எடுத்து மேசையோரம் சாய்த்து வைத்த பதினேழு கண்ணாடிகளும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டன. உடையவில்லை. உடைவதற்கு முன்னால் கண்ணாடி ஒரு முனகல் முனகும். அந்த முனகல்.

"சொல்லிடறேன்," என்றார் தெங்ஹாய், காலியான கடையைப் பார்த்து. "இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

குடை எடுக்கவில்லை. கதவைப் பூட்டவில்லை. ஓடினார்.

பெக்ஹா கதவைத் திறந்தாள். பின்னாலேயே கிழவர் நின்றார். சொட்டச் சொட்ட நின்ற தெங்ஹாயைப் பார்த்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

தெங்ஹாய் பூசை மேசைக்கு முன்னால் மண்டியிட்டார். தரையைப் பார்த்தபடி, நிறுத்தாமல் சொன்னார். கிம்சுவான் கொடுத்த படத்தில் ஒரு குறையும் இல்லை, கெடுத்தது தான்தான், மறைத்ததும் தான்தான், அவன்மேல் பழி போட்டதும் தான்தான். எதற்காகப் படத்தின் மேல் வைத்து வெட்டினார் என்பதையும் சொன்னார். சொல்லும்போது அது இன்னும் அற்பமாகத் தெரிந்தது.

பெக்ஹா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கிண்ணத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"நகத்த முடியலன்னீங்களே. அந்தக் கிண்ணத்துல."

"நூடுல்ஸ்தான்… மீன் உருண்டை போட்டது."

"எங்க அம்மா உருட்டுனதா?"

தெங்ஹாய் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் சாவதற்கு முந்தின நாள் உருட்டியது. அதை வெளியே சொல்லத் தேவையிருக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிரிச்சுக் காட்டுங்க," என்றாள் பெக்ஹா. "என்ன பண்ணீங்கன்னு நான் பாக்கணும்."

படத்தை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டார். கிழவர் எங்கேயோ தேடி ஒரு குறடு கொண்டுவந்து கொடுத்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்னட்டையைத் தூக்கினார். அவர் ஒட்டிய தாள் மஞ்சளித்து உப்பியிருந்தது. படத்தின் மூலையை நகத்தால் நெம்பி, மெதுவாக இழுத்தார். அது தடையில்லாமல் வந்தது. காய்ச்சிய பாலிலிருந்து ஆடை வருவதுபோல வந்தது.

கையில் வந்த தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. முகம் இல்லை. நடுவில் கிழிசல் மட்டும் இருந்தது.

கீலுங் ஈரத்தில் இது நடப்பதுதான். நடுவில் அட்டை வைக்காமல் அழுத்தினால் படத்தின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறார். மனதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பிரேமிலிருந்து எடுத்தார். இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையால் பிடித்து, விளக்கு வெளிச்சம் விழும்படி நெஞ்சுயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்தார். பெக்ஹாவும் கிழவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

ஆ-சியோ அம்மாவின் முகம் கண்ணாடியில் முழுசாக இருந்தது. கிழிசல் இல்லை. ஒட்டு இல்லை. அவர் ஏற்றிய உதடு பழையபடி இறங்கி, நேர்க்கோடாக, இறுக மூடியிருந்தது. பின்பக்கமிருந்து பார்ப்பதால் இடம் வலமாக இருக்கவேண்டும். அப்படி இல்லை. இடது காது இடது காதாகவே இருந்தது. அவள் அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே," என்று அந்தப் பக்கமிருந்து பெக்ஹாவின் குரல் வந்தது. மிக மெதுவாகக் கேட்டாள். "அம்மா ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறா?"

தெங்ஹாய்க்குப் புரியவில்லை.

"முதுகுதான் தெரியுது. கொண்டைதான் தெரியுது."

கிழவர் ஒரு அடி கிட்டே வந்தார். பிறகு இரண்டு அடி பின்னால் போனார். அவர் கைகள் தானாகக் குவிந்தன.

"அந்தச் சீப்பு," என்றார். "கொண்டையில இருக்கற அந்தச் சீப்பு. சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னால நான் சொருகுனதுப்பா."

கீழே வைத்துவிடலாம். கை விடவில்லை. விரல்கள் கண்ணாடியின் ஓரத்தில் பதிந்து கிடந்தன. எப்போதிலிருந்தோ தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைத் தெங்ஹாய் உணர்ந்தார்.

கண்ணாடியில், அவர் பக்கமாக, அந்த மூடிய வாய்க்கு நேரே, ஒரு நாணயம் அளவுக்கு ஆவி படிந்தது. சுருங்கியது. மறுபடி, கொஞ்சம் பெரிதாக, படிந்தது.